எக்ஸ்ரே அக்காவின் இருட்டறை

செல்லூரில் பேய்க்குப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. பேயே கண்டு ஒதுங்கிப் போகிற ஆள் என்றால் அது எக்ஸ்ரே அக்கா ஒருவர்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஆதார் அட்டையில் இருக்கத்தான் வேண்டும். எங்கள் சந்தில் அது யாருக்கும் தெரியாது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆயுசு முழுக்க எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் வேலையை விட்டுவிடுவார்கள். அக்கா மிஷினை மட்டும்தான் அங்கே விட்டுவிட்டு வந்திருந்தார். எதிரே வருகிறவரின் முகத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை. தோளைப் பார்ப்பார், இடுப்பைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார். பிறகு தோலுக்கு உள்ளே எதையோ படித்து முடித்தவர்போல “ம்ம்” என்பார். அந்த “ம்ம்”மைக் கேட்டவர்களுக்கு அன்று சோறு இறங்காது.

அவர் வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டு நான் போனபோது, என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

“இடது தோளு ஏன் இறங்கிக் கெடக்கு?” என்றார்.

“லேப்டாப் பை மாட்டி மாட்டி அப்பிடி ஆயிருச்சுக்கா.”

“பை இல்ல. சின்னதுல விழுந்திருக்க. காறை எலும்பு ஒடஞ்சு தானாக் கூடியிருக்கு. சரி, மேல குடி வந்துக்க.”

எலும்பு ஒடிந்தவர்களுக்குத்தான் வீடு தருவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டு, சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் குரல் தணிந்து வந்தது. “தொட்டில்ல இருந்து விழுந்த. ஒங்க அப்பாட்டகூட நான் சொல்லல. ஒனக்கு எவ சொன்னா?”

பால்காரரின் கதை இதைவிட மோசம். முதல் நாள் பால் ஊற்ற வந்தவரிடம், “ஒங்க அப்பாவோட இடுப்பெலும்பு எனக்கு நல்லாத் தெரியும். தங்கமான மனுசன்” என்றிருக்கிறார் அக்கா. அவருடைய அப்பா இறந்து பல வருஷம் ஆகிறது. மறுநாளிலிருந்து பால்காரர் பாலைக் கேட்டிலேயே வைத்துவிட்டு, வண்டியை அணைக்காமல் ஓடிவிடுவார்.

இப்படிப்பட்டவருக்கு ஓய்வுக்குப் பிறகு பிடித்த கிறுக்குதான் தையல். சட்டை, பாவாடைத் தையல் இல்லை. செல்போனில் யாரோ ஒரு வெளிநாட்டு அம்மாள் மெத்தைப் போர்வைமேல் ஊசியால் படம் வரைவதைப் பார்த்திருக்கிறார். அதற்கு ஃப்ரீ மோஷன் க்வில்டிங் என்று பெயராம். எனக்குப் புரியவில்லை என்றதும் அக்கா உட்காரவைத்துச் சொன்னார்.

“சட்டை தைக்கையில மிஷினுக்கு அடியில இருக்க பல்லு, துணியக் கடிச்சு இழுத்துக்கிட்டுப் போகும். அது இழுத்த பக்கந்தேன் போகணும். இதுல அந்தப் பல்ல ஒரு தகடு போட்டு மூடிரணும். ஊசி நின்ன எடத்துலயே குத்திக்கிட்டு இருக்கும். துணிய நாம கையால அங்கிட்டும் இங்கிட்டும் நகட்டணும். பேனாவ அசையாமப் புடிச்சுக்கிட்டு, பேப்பர ஆட்டி எழுதுற மாதிரி.”

“கஷ்டமாச்சேக்கா.”

“ஆயுசு பூராம் ஆளுகள அசையாதீகன்னு நிறுத்தி வச்சேன். இப்பத் துணிய அசைக்கிறேன். அம்புட்டுத்தேன்.”

மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. மூன்றையும் சேர்த்துச் சுழி சுழியாகத் தைத்துக்கொண்டே போகவேண்டும். அதற்காகக் காலால் மிதிக்கிற பழைய மிஷின் ஒன்றை வாங்கினார். மோட்டார் அவருக்கு ஆகாது. வேகம் காலில் இருந்தால்தான் கைக்குக் கட்டுப்படுமாம். மிஷினும் மேஜையும் ஒரே மட்டமாக இருந்தால் துணி தடங்கலில்லாமல் வழுக்கிப் போகும் என்று தெரிந்ததும், சமையலறைக் கதவைக் கழற்றி, நடுவில் ஓட்டை போட்டு, மிஷினை அதற்குள் இறக்கிவிட்டார். அன்றிலிருந்து அவர் வீட்டுச் சமையலறைக்குக் கதவு கிடையாது.

அடுத்தது கையுறை. வெறும் கை துணியில் வழுக்கியது. ஆஸ்பத்திரி ரப்பர் உறையைப் போட்டுப் பார்த்தார், விரல் அவிந்து போனது. பாத்திரம் கழுவும் உறை தடிமனாக இருந்தது. கடைசியில் லோடுமேன்கள் மாட்டுகிற வெள்ளை நூல் உறைதான் சரிப்பட்டது. உள்ளங்கைப் பக்கம் சின்னச் சின்ன ரப்பர் புள்ளி இருக்கும், துணியைக் கப்பென்று பிடித்துக்கொள்ளும்.

பழைய சாமான் கடையிலிருந்து, எக்ஸ்ரே பிலிமை மாட்டிப் பார்க்கிற வெளிச்சப் பெட்டி ஒன்றையும் தூக்கிவந்தார். பஞ்சு விரிப்பை அதன்மேல் போட்டு, முகத்தைப் பெட்டியில் ஒட்டாத குறையாக வைத்துப் பார்ப்பார். “இங்கன ஒரு கட்டி இருக்கு” என்பார். எனக்குப் பகீரென்று இருக்கும். “பயப்படாத, பஞ்சுதேன்” என்று பிய்த்துப் போடுவார்.

தையல் அறை ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்தார். வாசல் நிலைக்கு மேலே சிவப்பு பல்பு ஒன்றை மாட்டினார். அது எரிந்தால் உள்ளே யாரும் போகக் கூடாது. இதெல்லாம் பழைய வேலையின் பழக்கம் என்று எனக்குத் தெரியும். சந்துக்குத் தெரியாதே! எதிர்வீட்டு பாக்கியம், கோயில் பொங்கலைத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்தவர், சிவப்பு பல்பைக் கவனிக்காமல் கதவைத் தள்ளிவிட்டார்.

உள்ளே இருட்டு. நடுவில் ஒரு சின்ன வட்டமாக மஞ்சள் வெளிச்சம். அந்த வட்டத்துக்குள் இரண்டு வெள்ளைக் கைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கைகளுக்குப் பின்னால் ஆள் இல்லை.

அக்கா கறுப்புச் சேலையில் இருந்தார் என்பது பொங்கல் தரையில் சிந்தி, பாக்கியம் தெருமுனை வரை ஓடி நின்ற பிறகு தெரியவந்த செய்தி. “கை மட்டும் வருது! கைக்கு ஆளக் காணோம்!” என்று அவர் போட்ட சத்தத்தில், தறிக்கூடத்தில் தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். செய்வினை வைக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. மறுநாள் காலையில் அக்கா வீட்டு வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழங்கள் கிடந்தன. அடுத்த நாளும் கிடந்தன. அக்கா அவற்றைப் பொறுக்கிக் கழுவி ஊறுகாய் போட்டு, ஒரு பாட்டிலை பாக்கியத்திடமே கொண்டுபோய்க் கொடுத்தார். “பழம் நல்ல பழம். இன்னும் கொஞ்சம் வையி” என்றார். அதோடு எலுமிச்சம்பழம் நின்றது.

விளக்கு வாங்கப் போன கதையைச் சொல்லியே ஆகவேண்டும். இருக்கிற விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு மாசி வீதிப் பக்கம் ஒரு லைட்டுக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு பாய். வாங்கம்மா என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா, “கடையில உள்ள லைட்டு பூராத்தையும் அமத்துங்க பாய்” என்றார்.

“அமத்துனா கடையப் பூட்டியாச்சுன்னு வந்த ஆளு திரும்பிருவாகம்மா.”

“நல்லதாப் போச்சு. இடைஞ்சல் இல்லாமப் பாக்கலாம்.”

எப்படியோ பாதி விளக்குகளை அணைத்தார் பாய். அக்கா பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து மேஜையில் விரித்தார். “இதுல என்ன தெரியுது?”

“வெள்ளத் துணிதேன் தெரியுது.”

அக்கா ஒரு சின்ன விளக்கை எடுத்து, துணியின் ஓரத்தில், மேஜையை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தார். அவ்வளவுதான். ஒன்றுமில்லாத துணியிலிருந்து கொடிகள் எழுந்து வந்தன. இலைகள், சுருள்கள், ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, புறங்கையில் நரம்பு புடைப்பதுபோல. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைத்தது அது. மேலேயிருந்து விழுகிற வெளிச்சத்தில் தையல் மறைந்துவிடும். பக்கத்திலிருந்து சாய்ந்து விழுந்தால், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு சின்ன நிழல் விழும்.

பாய் மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். “யா அல்லா, உசுரு வந்த மாதிரி எந்திரிக்குதே!”

அப்புறம் அவர் தன் கடையிலேயே நன்றாக விற்கிற எல்இடி விளக்கைப் போட்டுக் காட்டினார். அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டார். “அமத்துங்க, அமத்துங்க. கண்ணுல ஊசி குத்துது.” பாய் கொஞ்சம் மங்கலானதை எடுத்தார். இன்னும் கம்மியா என்றார் அக்கா. அதைவிட மங்கலானது வந்தது. இன்னும் கம்மியா என்றார். கடைசியில் கழுத்தை வளைக்கிற மேஜை விளக்கு ஒன்றில், தூசி படிந்த பழைய குண்டு பல்பு ஒன்றை மாட்டிக் கொடுத்தார் பாய்.

“இதுக்கும் கம்மியா இருக்கா?”

“இதுக்குக் கீழ இருட்டுதேம்மா. அது நம்மகிட்ட ஸ்டாக் இல்ல.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த விளக்கு வந்த பிறகுதான் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து காளைக்காரர் வந்தார். ஆள் பனைமரம் மாதிரி இருப்பார். கையில் ஒரு துணி மூட்டை. அவருடைய ஜல்லிக்கட்டுக் காளை செத்துப் போயிருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அதன் முதுகில் போர்த்தின வெள்ளை வேட்டிகளைத் துவைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“இத ஒரு போர்வையாத் தச்சுக் குடுங்கக்கா. போத்திக்கிட்டுப் படுத்தாலாவது தூக்கம் வருதான்னு பாக்குறேன்.”

அக்கா கையுறையைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு, வேட்டிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். மாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. “ம்ம்” என்றார். “போயிட்டு வாங்க.”

போர்வை தயாரானதும் காளைக்காரர் வந்து வாங்கிப் பார்த்தார். பட்டப்பகலில் அது வெறும் வெள்ளைப் போர்வை. அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. மரியாதைக்கு “மெத்து மெத்துன்னு இருக்குக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலேயே திரும்பி வந்து வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது.

“நேத்துச் சாயங்காலம் கயித்துக் கட்டில்ல விரிச்சேன்க்கா. வெயிலு சாஞ்சு வாசல் வழியா உள்ள வந்துச்சு. கட்டில்ல எங்க கருப்பன் நிக்கிறான். தலையக் குனிஞ்சு, திமில நிமித்திக்கிட்டு, வாடிவாசல்ல நிக்கிற மாதிரியே நிக்கிறான். என் வீட்டுக்காரி சொம்பப் போட்டுட்டு ஓடிட்டா.”

“வெளிச்சம் பக்கத்துல இருந்து விழுந்திருக்கு. அதேன்” என்றார் அக்கா.

“அது சரிக்கா. அவனுக்கு இடது கொம்பு உள்ள மடங்கியிருக்கும். நான் ஒங்ககிட்டச் சொல்லவே இல்லையே. போட்டோகூடக் காட்டலையே.”

“முதுகுல போட்ட துணிய மாடு தலையத் திருப்பிக் குத்தும்ல? எல்லா வேட்டியிலயும் வலது பக்கந்தேன் கீறல் இருந்துச்சு. இடது பக்கம் ஒண்ணு இல்ல. அப்ப அந்தக் கொம்பு மடங்கித்தேன் இருக்கணும்.”

காளைக்காரர் தலையாட்டினார். எனக்கும் மூச்சு வந்தது. அப்போது அவர் கேட்டார்: “அவன் நெத்தியில இருந்த ரெட்டச் சுழியயும் போட்டிருக்கீகளே. அத எந்த வேட்டியில பாத்தீக?”

அக்கா கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். “அது… சும்மா கை போச்சு” என்றார்.

அந்தப் பனைமரம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதது.

செய்தி பரவியது. வாடிப்பட்டியிலிருந்தெல்லாம் இறந்துபோனவர்களின் சட்டை, சேலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். “ஆவியப் புடிக்கிறவ நானில்ல! இங்க தையல் மட்டுந்தேன்” என்று அக்கா கத்துவார். கத்திவிட்டு, மூட்டையை வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார்.

பிறகுதான் அந்த மத்தியானம் வந்தது.

நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். தெருமுனை டிரான்ஸ்பார்மர் டப்பென்று வெடித்தது, கரண்ட் போயிற்று. செல்லூரில் கரண்ட் போனால் விளக்கு அணைவது பெரிதில்லை, தறிகள் நின்றுவிடும். எந்நேரமும் தடதடவென்று கேட்டுக்கொண்டிருக்கிற சந்து, கழுத்தை நெரித்ததுபோல் ஒரே நொடியில் அடங்கிப்போகும். அந்த அமைதியில் காது அடைக்கும். அன்று அந்த அமைதிக்குள் ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்டது. கீழே, அக்காவின் மிஷின். கடகட, கடகட. வேகம் குறையவில்லை. நிற்கவும் இல்லை.

மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார் என்று நினைத்தேன். பஞ்சும் துணியும் இருக்கிற அறையில் மெழுகுவர்த்தியா என்று பயந்துதான் இறங்கிப் போனேன். சிவப்பு பல்பு அணைந்திருந்தது. கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தேன். கதவு எனக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

மெழுகுவர்த்தி இல்லை. எதுவும் இல்லை. என் கையே எனக்குத் தெரியாத இருட்டு. அதற்குள் ஊசி இறங்கி ஏறுகிற சத்தம், மிதிபலகையின் கிறீச், துணி நகர்கிற சரசரப்பு.

“வந்துட்டியா? கதவத் தொறந்த காத்து பட்டுச்சு” என்றது இருட்டு. “இங்கிட்டு வந்து பாரு. இன்னைக்குத்தேன் வெளிச்சம் அம்சமா விழுது.”

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. தடவித் தடவிப் போய் அவர் தோளைப் பிடித்தேன்.

“அக்கா… கரண்ட் போயிருச்சு.”

“என்ன? காதுல பஞ்சு வச்சிருக்கேன். தறிச் சத்தம் தாங்கல.”

“கரண்ட் இல்லக்கா! இருட்டுக்கா!”

மிஷின் நின்றது. பிறகு, “ஓ” என்றார். மிகச் சின்னக் குரலில்.

கறுப்புத் துணியை ஜன்னலிலிருந்து நான்தான் பிய்த்தேன். வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஒரு முழுப் போர்வை, நிறையக் கொடி. ஒரு கோடுகூடத் தப்பவில்லை. வெள்ளைக் கையுறையின் ஒரு விரல் நுனியில் மட்டும் ரத்தம் பொட்டாக உறைந்திருந்தது.

“எம்புட்டு நாளாக்கா?”

“மொதல்ல வெளிச்சம் கூசுச்சு. அப்புறம் எல்லாம் பனி மூடின மாதிரி ஆயிருச்சு. கண்ணத் தொறந்து தைக்கிறதவிட மூடிக்கிட்டுத் தைக்கிறது சொகமா இருந்துச்சு. லைட்டு எரியுதுன்னு ஒரு தைரியம், அம்புட்டுத்தேன்.”

“என் மூஞ்சி ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நீ படி எறங்குற சத்தம் தெரியும்.”

கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். மாட்டேன் என்றார். கெஞ்சினேன். கத்தினேன். கடைசியில் கையுறையை உருவியபடி அவர் சொன்னார்:

“பிலிமத் தூக்கிப் புடிச்ச நிமிசமே எனக்குத் தெரிஞ்சிரும். வெளிய பெஞ்சில உக்காந்திருக்கவுகளுக்குத் தெரியாது. என் மூஞ்சியவே பாப்பாக. டாக்டர் சொல்லுவாருன்னு சொல்லிட்டு நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன். அப்பிடியே மனுச மூஞ்சியப் பாக்குற பழக்கமே போயிருச்சு. இப்ப எனக்கு ஒருத்தி பிலிமப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்புனா, நான் என்னத்தச் செய்வேன்?”

“நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்க்கா. நான் திருப்ப மாட்டேன்.”

“ம்ம்” என்றார். அந்த ஒரு “ம்ம்”முக்கு மட்டும் எனக்குப் பயம் வரவில்லை.

காளைக்காரருக்குப் போன் போட்டேன். மறுநாள் காலை, கருப்பனை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன வண்டியையே கொண்டுவந்து நிறுத்தினார். முன் சீட்டில் வெயில் அடிக்கிறது என்று அக்கா பின்னால் ஏறி, காளை நிற்கிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி, கறுப்புக் குடை, கறுப்புச் சேலை. வண்டி சந்தைக் கடக்கும்வரை சந்தில் யாரும் இருமக்கூட இல்லை. பாக்கியம் மட்டும் திருநீறு பூசிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கண்ணைச் சோதித்த பெண், “அசையாதீங்கம்மா, அப்படியே இருங்க” என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி தாயி. நீ மொதல்ல ஸ்டூல ஏத்திப் போட்டுக்க. கழுத்தெலும்பு தேயுது” என்றார். டாக்டரம்மா வந்து பார்த்தார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா முகத்தைத் திருப்பவில்லை. நேராகப் பார்த்துச் சொன்னார்: இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சம் கூடக்கூடப் பார்வை மங்குகிற வகைப் புரை. எடுத்துவிடலாம்.

எடுத்தார்கள். ஒரு கண், பிறகு மறு கண்.

பார்வை தெளிந்ததும் அக்கா செய்த முதல் வேலை, வீட்டில் மிச்சமிருந்த போர்வைகளை எல்லாம் விரித்துப் போட்டது. கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கத்தில் கிளிப்பச்சை, அதற்குப் பக்கத்தில் ரத்தச் சிவப்பு.

“ஆத்தாடி! இந்தக் கண்றாவியவா தச்சேன்? வாங்கிட்டுப் போனவுக ஒருத்தருகூடச் சொல்லலையே!”

“பயந்துட்டாகக்கா.”

ஜன்னல் துணி போய்விட்டது. சிவப்பு பல்பும் போய்விட்டது. ஆனால் கண்ணைத் திறந்து தைத்தால் அவருக்குக் கோடு கோணுகிறது. அதனால் பட்டப்பகலில், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, வெள்ளைக் கையுறையோடு, கண்ணை மூடித்தான் இப்போதும் தைக்கிறார். முன்பே தேவலை என்று சந்தில் அபிப்பிராயம்.

கட்டுப் பிரித்துச் சில நாள் கழித்து, ஒரு காலையில் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. நான் குடிவந்த பிறகு அக்கா மேலே ஏறி வந்தது அன்றுதான் முதல்முறை. கதவைத் திறந்தேன். வெளிச்சத்துக்கு நேராக என்னைத் திருப்பி நிறுத்தி, அதுவரை நிமிர்ந்து பார்க்காத என் முகத்தையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இப்பிடித்தேன் இருப்பன்னு நெனச்சேன்” என்றார். கண் கலங்கியிருந்தது. மருந்து விட்டதால் என்று அவரே சொன்னார்.

காபி குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து காலையில் இரண்டு டம்ளர் போடுகிறேன். அவர் வர நேரமானால், என் டம்ளரை நான் தொடுவதில்லை.